வினைக்குள் இருக்கும் ஆள்: லத்தீன், ஸ்பானிஷ், ஆங்கில நிகழ்காலம்

தெக்கார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘கோகித்தோ எர்கோ சும்’ என்ற லத்தீன் வாசகம். மூன்றே சொல். தமிழில் ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று சொன்னால் அதுவும் மூன்றே சொல்தான். ஆங்கிலத்தில் மட்டும் ‘ஐ திங்க், தேர்ஃபோர் ஐ ஆம்’ என்று ஐந்து சொல் ஆகிவிடுகிறது. கூடுதலாக வந்த இரண்டுமே ‘ஐ’. அதாவது ‘நான்’.

லத்தீனிலும் தமிழிலும் அந்த ‘நான்’ காணாமல் போகவில்லை. ‘கோகித்தோ’வின் கடைசி ஓகாரத்தில் அது இருக்கிறது. ‘சிந்திக்கிறேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதியில் இருக்கிறது. வினையைச் செய்கிற ஆள் யார் என்பதை வினையே சொல்லிவிடுவதால் தனியாக ஒரு சொல் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஏற்ப வினை இப்படி வடிவம் மாறுவதைத்தான் வினைத்திரிபு என்கிறோம்.

நம்மில் பெரும்பாலானோர் ஸ்பானிஷையோ லத்தீனையோ ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் கற்கத் தொடங்குகிறோம். அந்தப் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வினைச்சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி, அதனால் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். இந்தப் பாடத்துக்குத் தமிழ் வழியாகப் போவதுதான் குறுக்கு வழி என்பது என் உறுதியான கருத்து.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோம் இல்லையா? ‘பேசுகிறேன்’ என்பதை பேசு + கிறு + ஏன் என்று பிரித்து எழுதினோம். பேசு என்பது பகுதி. என்ன செயல் என்று சொல்கிறது. கிறு என்பது இடைநிலை. எப்போது என்று சொல்கிறது. ஏன் என்பது விகுதி. யார் என்று சொல்கிறது. பரீட்சைக்காகப் படித்த இந்த மூன்று அறைகளையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். லத்தீன் வினையும் ஸ்பானிஷ் வினையும் இதே வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

முதலில் லத்தீன். ‘அமாரே’ என்றால் நேசித்தல். அதன் நிகழ்காலம் இது:

அமோ – நேசிக்கிறேன்
அமாஸ் – நேசிக்கிறாய்
அமத் – நேசிக்கிறான், நேசிக்கிறாள், நேசிக்கிறது
அமாமுஸ் – நேசிக்கிறோம்
அமாத்திஸ் – நேசிக்கிறீர்கள்
அமன்த் – நேசிக்கிறார்கள், நேசிக்கின்றன

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம். ஒவ்வொன்றுக்கும் ஒருமை, பன்மை. ஆக ஆறு வடிவம். விகுதிகளை மட்டும் எடுத்தால் ஓ, ஸ், த், முஸ், திஸ், ன்த். லத்தீனின் செய்வினை நிகழ்காலம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஆறு வால்களில்தான் ஓடுகிறது.

மூன்றாவது வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் ஆன், ஆள், அது, ஆர் என்று நாம் திணையும் பாலும் பார்த்துப் பார்த்துச் சொல்கிற இடத்தில், லத்தீன் ஒரே ஒரு ‘த்’ போட்டு முடித்துவிடுகிறது. ‘அமத்’ என்பதை வைத்து நேசிப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஸ்பானிஷிலும் அப்படியே. இந்த ஒரு விஷயத்தில் நம் வினைமுற்று அவர்களுடையதைவிடக் கூடுதல் செய்தி சொல்கிறது. தமிழ் மனம் இங்கே எதையோ தேடித் தவிக்கும். தேட வேண்டாம், அங்கே இல்லை.

அப்புறம், நடு அறை. நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலை சொல்கிறது. ‘அமாமுஸ்’ என்பதில் அப்படி ஒன்று எங்கே? ‘அமா’ பகுதி, ‘முஸ்’ விகுதி. நடுவில் எதுவும் இல்லை. அந்த வெற்றிடம்தான் நிகழ்காலத்தின் அடையாளம். ‘நேசித்துக்கொண்டிருந்தோம்’ என்று கடந்த காலத்தில் தொடர்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தில் ‘பா’ வந்து உட்காரும்: அமா + பா + முஸ், ‘அமாபாமுஸ்’. ஸ்பானிஷிலும் ‘அமாமோஸ்’ என்றால் நேசிக்கிறோம், ‘அமாபாமோஸ்’ என்றால் நேசித்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் முதலில் நிகழ்காலத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். பகுதியும் விகுதியும் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டிருப்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

லத்தீன் வினை நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. வீடியோ என்று தினமும் சொல்கிறோமே, அந்த வடிவத்துக்கு லத்தீனில் ‘பார்க்கிறேன்’ என்று பொருள். ஆடியோ என்பது ‘கேட்கிறேன்’. இரண்டிலும் அதே தன்மை ஒருமை ஓகாரம். பட்ஜெட் செய்தியில் வரும் டெஃபிசிட் என்பது ‘குறைகிறது’ என்ற முழு வினைமுற்று. கடைசி எழுத்துதான் படர்க்கை ஒருமை. பழைய ஆங்கில நாடக ஏடுகளில் ஒருவர் மேடையை விட்டுப் போனால் ‘எக்ஸிட்’ என்றும், பலர் போனால் ‘எக்ஸெயுன்ட்’ என்றும் குறித்திருப்பார்கள். ‘வெளியேறுகிறார்’, ‘வெளியேறுகிறார்கள்’. ஆங்கில நாடகத்தின் நடுவே ஒருமை பன்மை பிசகாத லத்தீன் வினைத்திரிபு.

இனி, சற்றுச் சிரமமான பகுதி. எல்லா லத்தீன் வினையும் ‘அமாரே’ போல நடக்காது. பகுதியின் கடைசியில் நிற்கும் உயிரைப் பொறுத்து நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஆகாரக் கூட்டம், ஏகாரக் கூட்டம், குறில் எகரக் கூட்டம், ஈகாரக் கூட்டம். மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. ‘மித்தெரே’ (அனுப்புதல்) எப்படித் திரிகிறது பாருங்கள்: மித்தோ, மித்திஸ், மித்தித், மித்திமுஸ், மித்தித்திஸ், மித்துன்த். பெயரில் இருக்கும் எகரம் நிகழ்காலத்தில் எங்குமே இல்லை. பெரும்பாலும் இகரமாகவும் கடைசியில் உகரமாகவும் மாறிவிட்டது. ஆனால் விகுதிகள் அதே ஆறுதான். மாறுவது உயிர், மாறாதது வால்.

இது என்ன புதுத் தலைவலி என்று தோன்றினால், தமிழைத் திரும்பிப் பாருங்கள். அறி, படி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ‘அறிகிறேன்’, ‘படிக்கிறேன்’. எதற்குக் ‘கிறு’, எதற்குக் ‘க்கிறு’ என்று சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வெளியூர்க்காரருக்குச் சொல்லத் தெரியாது. வினை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். லத்தீனிலும் அதே கதை. அதனால்தான் லத்தீன் அகராதிகள் ‘அமோ, அமாரே’ என்று இரண்டு வடிவத்தைச் சேர்த்தே கொடுக்கின்றன. முதல் வடிவம் தலைச்சொல், இரண்டாவது கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: லத்தீன் அகராதியில் தலைச்சொல்லே ‘நேசிக்கிறேன்’ என்ற தன்மை ஒருமைதான். தமிழில் ‘நேசி’ என்ற பகுதியைத் தேடுவோம், ஸ்பானிஷில் ‘நேசித்தல்’ என்ற வடிவத்தைத் தேடுவோம். லத்தீன் அகராதியை முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு இதை யாராவது சொல்லிவிட்டால் அரை மணி நேரம் மிச்சம்.

லத்தீனையும் தமிழையும் அருகருகே வைப்பது இன்றைக்கு வந்த யோசனை இல்லை. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அதை எழுதிய மொழி லத்தீன். இங்கே வந்த பாதிரியார்கள் தங்களுக்குத் தெரிந்த லத்தீன் வழியாகத் தமிழ் கற்றார்கள். நாம் அதே பாலத்தில் எதிர்த்திசையில் நடக்கலாம்.

ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி சிதைந்த பிறகு, அந்தந்த ஊர் மக்கள் வாயில் லத்தீன் மெல்ல மெல்ல வேறு மொழிகளாக மாறியது. ஐபீரியத் தீபகற்பத்தில் அப்படி உருவானவற்றில் ஒன்று ஸ்பானிஷ். அதே வினையின் ஸ்பானிஷ் நிகழ்காலம்: அமோ, அமாஸ், அமா, அமாமோஸ், அமாயிஸ், அமான்.

மேலே உள்ள லத்தீன் வரிசையோடு வைத்துப் பாருங்கள். ‘அமத்’ தன் கடைசி ‘த்’தை இழந்து ‘அமா’ ஆனது. ‘அமன்த்’ அதையே இழந்து ‘அமான்’ ஆனது. ‘அமாத்திஸ்’ இடைக்காலத்தில் ‘அமாதெஸ்’ ஆகி, பிறகு நடு மெய்யும் கரைந்து ‘அமாயிஸ்’ ஆனது. தேய்ந்திருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று குழம்பவில்லை. ஆறும் ஆறாகவே இருக்கின்றன. அதனால்தான் ஸ்பானிஷ்காரர்களும் நம்மைப் போலவே ‘நான்’, ‘நீ’ எல்லாம் சொல்லாமல் பேசுகிறார்கள். ‘யோ’ (நான்) என்று ஒருவர் சேர்த்துச் சொன்னால் அதில் அழுத்தம் இருக்கிறது. நாம் ‘நான்தான் பேசுகிறேன்’ என்று சொல்வது மாதிரி. தெக்கார்த்திடமும் இது உண்டு. 1644இல் அச்சான அவருடைய லத்தீன் நூலில் அந்த வாசகம் ‘எகோ கோகித்தோ, எர்கோ சும்’ என்று வருகிறது. இலக்கணத்துக்கு ‘எகோ’ தேவையே இல்லை. சிந்திக்கிற ‘நான்’ மேல் விரலை வைத்துக் காட்டவே அந்தச் சொல். நாம் ‘அவனுக்கு ஈகோ’ என்கிறோமே, அந்த ஈகோவும் இந்த ‘எகோ’தான்.

ஸ்பானிஷில் கூட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன: ஆர், ஏர், ஈர் என்று முடிபவை. லத்தீனின் வம்பு பிடித்த மூன்றாம் கூட்டம் கலைந்து, அதன் வினைகள் ஏர் கூட்டத்திலும் ஈர் கூட்டத்திலும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஏர் கூட்டத்துக்கு ‘கொமேர்’ (சாப்பிடுதல்): கோமோ, கோமெஸ், கோமெ, கொமேமோஸ், கொமேயிஸ், கோமென். ஈர் கூட்டம் இதிலிருந்து ‘நாம்’, ‘நீங்கள்’ என்ற இரண்டு வடிவத்தில் மட்டும் வேறுபடும். ‘எஸ்க்ரிபிர்’ (எழுதுதல்) என்ற வினையில் அவை ‘எஸ்க்ரிபிமோஸ்’, ‘எஸ்க்ரிபீஸ்’. மற்ற நான்கும் கொமேர் போலவே.

ஸ்பானிஷ் கற்கிறவர்களை அதிகம் குழப்புவது பகுதியே மாறும் வினைகள். ‘கெரேர்’ (விரும்புதல்) என்பதை எடுத்துக்கொள்வோம். அன்றாடப் பேச்சில் ஒருவரிடம் அன்பைச் சொல்ல ‘அமார்’ஐவிட இதைத்தான் அதிகம் புழங்குகிறார்கள், ‘தே கியெரோ’ என்பார்கள். அதன் திரிபு: கியெரோ, கியெரெஸ், கியெரெ, கெரேமோஸ், கெரேயிஸ், கியெரென். நான்கு இடத்தில் ‘கியெ’, இரண்டு இடத்தில் ‘கெ’. பாடப் புத்தகங்கள் இதை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லும். எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கியெரோ’வில் குரலின் அழுத்தம் பகுதியின் மேல் விழுகிறது. ‘கெரேமோஸ்’ என்னும்போது அழுத்தம் பின்னால் நகர்ந்து ‘ரே’ மேல் விழுகிறது. லத்தீனிலிருந்து ஸ்பானிஷ் உருவான காலத்தில், அழுத்தம் விழுந்த சில எகரங்கள் ‘யெ’ என விரிந்தன. அழுத்தம் விழாத இடத்தில் பழைய எகரம் அப்படியே நின்றது. ஒகரத்துக்கும் இதே கதி: ‘துவெர்மோ’ என்றால் தூங்குகிறேன், ‘தொர்மிமோஸ்’ என்றால் தூங்குகிறோம். எந்த வினை இப்படி மாறும் என்பதை ஒவ்வொன்றாகத்தான் அறிய வேண்டும். ஆனால் மாறும் என்று தெரிந்துவிட்டால், எந்த நான்கு இடத்தில் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

மரியாதை விஷயத்துக்கு வருவோம். ஸ்பானிஷில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’. நாம் மரியாதைக்கு முன்னிலைப் பன்மையை எடுத்துக்கொண்டோம்: நீங்கள் பேசுகிறீர்கள். ஸ்பானிஷ் வேறு வழியில் போனது. ‘தங்கள் கருணை’ என்ற பொருள்படும் ‘வுவெஸ்த்ரா மெர்ஸெத்’ என்ற பழைய மரியாதைத் தொடர் சுருங்கித்தான் ‘உஸ்தெத்’ ஆனது. எதிரே நிற்பவரை ‘ஐயா எப்போது வருகிறார்?’ என்று அவரிடமே கேட்பது போன்ற வழக்கு. அதனால் ‘உஸ்தெத்’துக்கு வினை படர்க்கையில்தான் வரும்: ‘உஸ்தெத் கோமெ’. பலரைச் சொல்லும்போது ஸ்பெயினில் பழகியவர்களிடம் ‘வொஸோத்ரோஸ்’ என்று முன்னிலைப் பன்மை உண்டு. லத்தீன் அமெரிக்காவில் எல்லோருக்கும் ‘உஸ்தெதெஸ்’தான், வினையும் படர்க்கைப் பன்மை. மெக்சிகோவையோ கொலம்பியாவையோ மனதில் வைத்துக் கற்கிறீர்கள் என்றால் ஆறில் ஒரு வடிவத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அர்ஜென்டினா என்றால் கதை வேறு. அங்கே ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’, அதற்குத் தனி வடிவம்.

ஆங்கிலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே மிஞ்சியதே கொஞ்சம். லவ், லவ், லவ்ஸ், லவ், லவ், லவ். ஆறு இடத்தில் ஒரே ஒரு ‘ஸ்’. வால் உதிர்ந்ததால் ஆளை வெளியே சொல்லியே ஆக வேண்டும். ‘லவ்’ என்று மட்டும் சொன்னால் யார் என்று தெரியாது.

ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நான், நீ, அவன் மூன்றுக்கும் தனித்தனி விகுதி இருந்தது. பன்மைக்கு மட்டும் மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒன்று. காலப்போக்கில் அவை மங்கின. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் ‘ஹீ லவெத்’ என்றுதான் வரும். ‘நீ’ என்பதற்கு ‘தௌ லவெஸ்ட்’. வடக்குப் பகுதிப் பேச்சிலிருந்து பரவிய ‘ஸ்’ அந்த ‘எத்’தைத் தள்ளிவிட்டு இன்று நிற்கிறது. ‘தௌ’ போனது இன்னும் சுவையான செய்தி. ‘யூ’ முதலில் பலரைக் குறித்த சொல். பிறகு மரியாதைச் சொல் ஆனது. கடைசியில் எல்லோருக்குமே அதுதான் என்றாகிவிட்டது. நாம் ‘நீ’யை அடியோடு விட்டுவிட்டு நாய்க்குட்டி வரைக்கும் ‘நீங்கள்’ என்று கூப்பிடத் தொடங்கினால் எப்படி இருக்குமோ, ஆங்கிலத்தில் அது நடந்தே விட்டது.

மிஞ்சிய அந்த ஒற்றை ‘ஸ்’தான் நம் ஊரில் பலரைத் தடுக்கி விழ வைக்கிறது. ‘ஹீ டஸ் நாட் ஸ்பீக்ஸ்’ என்று அடிக்கடி கேட்கலாம். ஒரு வாக்கியத்தில் ஆளைக் காட்டும் குறி ஒரு முறைதான் வரும். ‘டூ’ உள்ளே வந்ததும் ‘ஸ்’ அதன் மேல் தாவி ‘டஸ்’ ஆகிவிடுகிறது. பின்னால் நிற்கும் ‘ஸ்பீக்’ வெறும் பகுதி. ‘கேன்’, ‘மே’ போன்றவற்றுக்கு ‘ஸ்’ சேராததற்கும் காரணம் உண்டு. அவை வடிவத்தில் பழைய இறந்தகால வினைகள். நிகழ்காலத்துக்குரிய அந்தப் படர்க்கை ஒருமை விகுதி அவற்றில் ஒட்டுவதில்லை.

‘இல்லை’ சேர்த்துச் சொல்லும் எதிர்மறையில் தமிழும் வாலை இழக்கிறது என்பது நம்மில் பலர் கவனிக்காத ஒன்று. பேசவில்லை. யார் பேசவில்லை? நானா, அவளா, அவர்களா? ‘இல்லை’க்கு ஆள் விகுதி கிடையாது. அதனால் அங்கே நாமும் ஆங்கிலத்தைப் போல ‘நான் பேசவில்லை’ என்று ஆளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லத்தீனிலும் ஸ்பானிஷிலும் அந்தத் தொல்லை இல்லை. ‘நோன் அமோ’, ‘நோ அமோ’. முன்னால் ஒரு ‘இல்லை’யைச் சேர்த்தால் போதும், வினை தன் வாலோடு அப்படியே நிற்கும்.

மூன்று மொழியிலும் மிகவும் ஒழுங்கற்ற வினை ‘இரு’ என்பதுதான். தினமும் நூறு முறை சொல்லும் வினைக்கு விதி தேவைப்படுவதில்லை. பழக்கமே அதன் பழைய கோணல்களைக் காப்பாற்றிவிடுகிறது. லத்தீனில் சும், எஸ், எஸ்த், சுமுஸ், எஸ்திஸ், சுன்த். ஸ்பானிஷில் சொய், எரெஸ், எஸ், சோமோஸ், சொயிஸ், சோன். ஆங்கிலத்தில் ஆம், ஈஸ், ஆர். இவற்றுக்கு நமக்குக் காதில் பழகிய உறவினர் உண்டு. ‘தத் த்வம் அஸி’யில் வரும் அஸி என்றால் ‘இருக்கிறாய்’. லத்தீன் ‘எஸ்’ அதன் உடன்பிறப்பு. ‘நாஸ்திகம்’ என்பதில் ஒளிந்திருக்கும் அஸ்தி என்றால் ‘இருக்கிறது’. லத்தீனில் ‘எஸ்த்’, ஆங்கிலத்தில் ‘ஈஸ்’. மொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னபோது, வினை வேர்களில் தெரிந்த இத்தகைய ஒற்றுமையையும் சுட்டிக்காட்டினார். ஸ்பானிஷில் ‘இரு’வுக்கு இன்னொரு வினையும் உண்டு: ‘எஸ்தார்’. லத்தீனில் ‘நிற்றல்’ என்ற பொருளுடைய ‘ஸ்தாரே’யிலிருந்து வந்தது. இடம், தற்போதைய நிலை இவற்றுக்கு எஸ்தார். ஒருவர் யார், என்ன தொழில், எந்த ஊர்க்காரர் என்பதற்கு சொய், எரெஸ் என்று திரியும் முதல் வினையான ‘செர்’.

கடைசியாக, வடிவம் சரியாக வந்த பிறகும் தமிழர்கள் தவறும் ஓர் இடம். ‘நாளைக்குப் பேசுகிறேன்’ என்று நிகழ்காலத்தை வைத்து எதிர்காலத்தைச் சொல்கிறோமே, ஸ்பானிஷிலும் அது தாராளமாகச் செல்லும். ஆனால் வழக்கமாகச் செய்வதைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்துக்குப் போய்விடுவோம்: ‘ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலுக்குப் போவேன்’. இதை அப்படியே எதிர்காலமாக மாற்றிச் சொன்னால், கேட்பவர் நீங்கள் இனிமேல் போகப்போவதாக நினைத்துக்கொள்வார். வழக்கத்துக்கு லத்தீன், ஸ்பானிஷ், ஆங்கிலம் மூன்றிலுமே நிகழ்காலம்தான். ஸ்பானிஷில் ‘வொய்’, அதாவது போகிறேன். இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கோயிங்’ என்று தனி வடிவம் கட்டாயம். ஸ்பானிஷில் அப்படி ஒன்று இருந்தாலும், பல இடங்களில் எளிய நிகழ்காலமே போதும். லத்தீனில் ‘அமோ’ ஒன்றே இரண்டுக்கும் பொது.

தொடங்குகிறவர்கள் ஸ்பானிஷில் அமார், கொமேர், எஸ்க்ரிபிர் என்று கூட்டத்துக்கு ஒன்றை ‘நான்’, ‘நீ’ சேர்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் ‘இரு’வின் இரண்டு வினைகள், ‘போ’, ‘கெரேர்’. லத்தீன் வேண்டுமென்றால் அமாரேயும் மித்தெரேயும் முதலில். மற்ற இரண்டு கூட்டங்களும் அந்த ஆறு வாலோடு தாமாகவே வந்து சேரும்.